சூளையில் பிறந்த சுவர்ச் சித்திரங்கள்

சித்திரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன துணியும் தூரிகையும். அல்லது அஜந்தா, சித்தன்னவாசல் போன்ற இடங்களின் பாறைச் சுவரில் தீட்டிய வண்ணங்கள். களிமண்ணை ஓடாக வார்த்து, அதன்மேல் உருவம் எழுதி, சூளையிலிட்டுச் சுட்டு, பின்னர் துண்டு துண்டாகச் சுவரிலே பதித்து முழுமையாக்கும் சித்திரத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் இந்நாட்டுப் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் நடக்கும்போதெல்லாம் பூவும் கொடியும் பொறித்த பீங்கான் ஓடுகள் நம் தோளை உரசிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பழையவை பல, இங்கிலாந்தின் சூளைகளில் வெந்து கப்பலேறி வந்தவை. அந்த இங்கிலாந்திலேயே இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓட்டுச் சித்திரக்கலை ஒரு புதுவாழ்வு பெற்றது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அது செழித்தது. பின்னர் அதன் படைப்புகளில் பெரும்பகுதி இடிபாடுகளோடு இடிபாடாக வாரிக் கொட்டப்பட்டது. எஞ்சியவற்றைக் காப்பாற்றும் முயற்சியோ நெடுநாள் கழித்தே தொடங்கியது.

இக்கலை அப்போது ஏன் தழைத்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1945ஆம் ஆண்டு போர் முடிந்தபோது பிரிட்டனின் நகரங்கள் பல குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தன. வீடுகள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், தொலைபேசி நிலையங்கள், தேவாலயங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே காலத்தில் கட்டியாக வேண்டும். பணமோ குறைவு, எஃகும் மரமும் அதனினும் குறைவு. 1954ஆம் ஆண்டு இறுதிவரை, அரசாங்க உரிமம் பெறாமல் பெரிய கட்டிடம் எதையும் எவரும் எழுப்ப முடியாத நிலை. கல்லில் சிற்பம் செதுக்கி முகப்பை அலங்கரித்த விக்டோரியா காலத்து வழக்கத்தை இந்தச் சூழ்நிலையில் யார் நினைத்துப் பார்க்க முடியும்? செங்கல்லும் கான்கிரீட்டுமாக வெறுமையான பெரும் பெரும் சுவர்கள் எழுந்தன. இவ்வெறுமையைப் போக்க ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் கட்டிடக் கலைஞர்களுக்கும் நகரசபையினருக்கும் ஒருசேரத் தோன்றிற்று.

வண்ணம் தீட்டலாமே எனின், அங்கேதான் நிலக்கரிப் புகை குறுக்கே நின்றது. அந்நாளில் இங்கிலாந்தின் வீடுதோறும் கரி அடுப்பு, ஆலைதோறும் புகைபோக்கி. 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனைச் சூழ்ந்த புகைமூடுபனி ஆயிரக்கணக்கானோர் உயிரைக் குடித்தது. அதன் விளைவாகவே 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இத்தகைய காற்றில் வெளிச்சுவரில் தீட்டிய ஓவியம் சில ஆண்டுகளிலேயே கரியப்பிப் போகும். பீங்கான் ஓட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் நேற்று பதித்தது போல விளங்கும். மழை அதற்குப் பகையன்று, குளிப்பாட்டும் தாதியே. சிக்கனம் பார்க்கும் நகரசபைக் கணக்கருக்கு இதைவிட நல்ல வாதம் வேறு வேண்டியதில்லை.

ஓடு செய்யும் முறையையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். பிசைந்த களிமண்ணைப் பலகையாக அழுத்தி உலர்த்தி முதலில் ஒரு முறை சுடுவார்கள். பின்னர் கண்ணாடியாக உருகக்கூடிய பொடியை நீரில் குழைத்து மேலே பூசுவார்கள். நிறம் தருபவை உலோகங்களின் ஆக்ஸைடுகள். செம்பு பச்சை தரும்; இரும்பு பழுப்பைத் தரும்; வெள்ளீயம் பாலைப் போன்ற வெண்மை தரும்; கோபால்ட் நீலம் தரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோபால்ட் ஆக்ஸைடு சூளைக்குள் போகும்போது கறுப்பு. வெளியே வரும்போதுதான் நீலம். ஆகவே ஓட்டில் எழுதும் ஓவியர் கண்முன் காண்கிற வண்ணத்தை நம்பி எழுத முடியாது. வரப்போகும் வண்ணத்தை மனக்கண்ணால் கண்டே எழுத வேண்டும். ஆயிரம் டிகிரி வெப்பத்தில் என்ன நேரும் என்பதைச் சூளைதான் முடிவு செய்யும். தவறினால் அழித்தெழுத வழியில்லை. அந்த ஓட்டை உடைத்துப் போட்டுவிட்டு வேறு ஓடு செய்ய வேண்டியதுதான்.

தொழில் திறமைக்குக் குறைவில்லை. தென் இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய பூலில், ஜெஸ்ஸி கார்ட்டர் என்பவர் 1873இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை போருக்கு முன்பே லண்டன் சுரங்க ரயில் நிலையங்களுக்கு ஓடு செய்து பெயர் பெற்றிருந்தது. ஆனால் போர்க்காலக் கட்டுப்பாட்டினால் உள்நாட்டு மக்களுக்கு வெறும் வெள்ளைப் பாத்திரங்களே விற்கப்பட்டன. பூப்போட்ட கோப்பையில் தேநீர் அருந்துவதற்கு ஆங்கிலேயர் 1952வரை காத்திருக்க நேர்ந்தது. அப்படி வண்ணத்துக்கு ஏங்கிக் கிடந்த மக்களுக்கு முன்னால்தான் இந்தச் சுவர்ச் சித்திரங்கள் தோன்றின என்பதை மறக்கலாகாது.

1951ஆம் ஆண்டு தேம்ஸ் நதியின் தென்கரையில் நடந்த பிரிட்டன் விழா இதற்கு ஒரு பெரிய தூண்டுகோல். அங்கே ஓர் உணவுவிடுதியின் சுவரில் விக்டர் பாஸ்மோர் என்னும் ஓவியர், உருவம் எதுவுமின்றிச் சுழலும் கோடுகளால் ஆன ஓட்டுச் சித்திரம் ஒன்றை அமைத்தார். விழா முடிந்ததும், இசை மண்டபம் ஒன்றைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. அந்தச் சித்திரமும் போயிற்று. ஆனால் அதே விழாவின் பகுதியாகக் கிழக்கு லண்டனில், குண்டுவீச்சில் பாழான பாப்ளர் வட்டாரத்தில் லான்ஸ்பரி என்ற புதிய குடியிருப்பு கட்டப்பட்டது. அங்குள்ள சூசன் லாரன்ஸ் பள்ளியின் நுழைவு மண்டபத்தை ஓடுகளால் அழகுபடுத்தியவர் பெக்கி ஆங்கஸ் அம்மையார்.

இவர் சிலி நாட்டில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தொழிலால் பள்ளி ஆசிரியை. உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, வெட்டிய முகத்தில் வடிவம் செதுக்கி, மையில் தோய்த்துத் தாளில் அச்சிடக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர். அந்த விளையாட்டிலிருந்து பிறந்தவையே அவருடைய ஓட்டு வடிவங்கள். ஒரே ஓட்டைப் பலவாறு திருப்பிப் பதித்தால் பல கோலங்கள் கிடைக்கும். நம் பெண்கள் நாலு புள்ளி வைத்து நாற்பது வகைக் கோலம் இழைப்பது போன்றது இது. ஓடு பதிக்கும் தொழிலாளி ஓரளவு தானே கலைஞனும் ஆகிவிடுகிறான். பெயர் பெற்ற ஓவியர் பலருடைய பெரிய சித்திரங்களைக் காட்டிலும் இந்த எளிய ஓடுகளில்தான் அக்காலத்தின் நல்லெண்ணம் மிகுதியாகத் தெரிகிறது என்பேன்.

நகரசபைகளும் மெல்ல மெல்லக் கைகொடுத்தன. லண்டன் கவுண்டி மன்றம் 1956 முதல் ஆண்டுக்கு 20,000 பவுன் வரை கலைப் படைப்புகளுக்கென்று ஒதுக்கியது. பள்ளிக்கூட வாசலிலும் குடியிருப்பு முற்றத்திலும் கலை இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

கோவென்ட்ரி நகரின் கதை தனி. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைத் தாக்கியதில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் நடுப்பகுதியும் பழம்பெருமை வாய்ந்த பேராலயமும் எரிந்து போயின. பின்னர் மோட்டார் வண்டி நுழையாத கடைவீதி ஒன்றை அங்கே புதிதாக அமைத்தார்கள். 1958இல் அதன் சுவர் ஒன்றில் கார்டன் கல்லன் என்பவர் நகரின் வரலாற்றை ஓட்டிலே எழுதினார். மனிதன் தோன்றுமுன் வாழ்ந்த விலங்குகளில் தொடங்கி, இடைக்காலத் தெருக்கள், அந்நகருக்குப் பெயர் வாங்கித் தந்த சைக்கிள் தொழில் என்று நடந்து, புதிய நகரம் வரை வருகிறது சித்திரம். கல்லன் ஓவியர் என்பதைவிட நகர அமைப்பைப் பற்றி எழுதிய சிந்தனையாளராகவே இன்று அறியப்படுகிறார். அதனாலோ என்னவோ, இச்சித்திரத்தில் ஓவியத்தின் உணர்ச்சியைவிடப் பாடம் சொல்லும் தெளிவே மேலோங்கி நிற்கிறது. ஆயினும், வீடிழந்து ஊரிழந்த மக்களுக்கு ‘உங்கள் ஊர் இன்று நேற்றுத் தோன்றியதன்று’ என்று கடைத்தெருவில் ஒரு சுவர் சொன்னது சிறிய செயலன்று. பிற்காலத்தில் அக்கடைவீதியைப் புதுப்பித்தபோது சித்திரம் இடம் மாற்றிப் பதிக்கப்பட்டது.

இனித் தேவாலயங்களுக்கு வருவோம். இங்கே நாம் நின்று பேச வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர் ஆடம் கொசோவ்ஸ்கி. போலந்து நாட்டில் 1905ஆம் ஆண்டு பிறந்து, கட்டிடக்கலையும் பின் ஓவியமும் பயின்றவர். 1939 செப்டம்பரில் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் படை கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் புகுந்தன. கொசோவ்ஸ்கி சோவியத் படையினரிடம் சிக்கினார். வடக்கே பெச்சோரா ஆற்றுப் பகுதியின் உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். பசியும் பனியும் நோயுமாகச் சாவின் விளிம்பில் கிடந்த அந்நாட்களில், உயிரோடு இந்த இடத்தைவிட்டு வெளியேறினால் இறைவனுக்கு நன்றிக்கடன் செலுத்துவேன் என்று தமக்குள் உறுதி பூண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1941இல் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீதே பாய்ந்தது. அதன்பின் ஏற்பட்ட உடன்பாட்டின் பயனாகப் போலந்துக் கைதிகளுக்கு விடுதலை வந்தது. 1943இல் கொசோவ்ஸ்கி லண்டன் வந்து சேர்ந்தார்.

கென்ட் மாவட்டத்தில் ஏல்ஸ்போர்டு என்னும் ஊர். கார்மேல் சபைத் துறவிகள் 1242ஆம் ஆண்டு அங்கே வந்து மடம் அமைத்தார்கள். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1538இல், அம்மடம் பறிக்கப்பட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1949இல், அதே சபையினர் அதே இடத்தைத் திரும்ப வாங்கினார்கள். மடத்தின் தலைவர் மலாக்கி லிஞ்சு அடிகளார் கொசோவ்ஸ்கியை அழைத்துப் பணி தந்தார். 1950இல் தொடங்கிய அப்பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. முதலில் கேட்டவை ஓவியங்கள்தாம். பிறகு, செபமாலை மறையுண்மைகளைத் திறந்தவெளிப் பாதையில் சித்திரிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் நிற்க வேண்டும். ஆகவே சுடுமண்ணில் செய்யுங்கள் என்றார் அடிகளார். தமக்கு அதில் போதிய பழக்கம் இல்லையென்று ஓவியர் தயங்கினார். இவ்வேலைக்காகவே அன்னை மரியாள் உம்மை இங்கு அனுப்பியிருக்கிறாள் என்ற பொருள்பட அடிகளார் பதில் சொன்னாராம். அத்தகைய பதிலுக்கு மறுமொழி ஏது?

தயங்கியவர் கடைசியில் அக்கலையின் தலைவராகவே விளங்கினார். கொசோவ்ஸ்கியின் சித்திரங்கள் தட்டையான ஓடுகள் அல்ல. களிமண்ணை மேடும் பள்ளமுமாகப் புடைத்தெழச் செய்து, உருவத்தின் ஓரங்களை ஒட்டித் துண்டுகளாக அறுத்து, தனித்தனியே சுட்டுப் பொருத்துவார். முகங்கள் நீண்டிருக்கும், கண்கள் பெரியவை, கைகள் அளவுக்கு மீறிப் பேசும். போலந்து நாட்டுப்புறத்துச் சிற்பங்களின் சாயல் அதில் உண்டு என்பார்கள். எனக்கோ அந்தக் கைகளைப் பார்க்கும்போது உழைப்பு முகாமில் பனிக்கட்டியைத் தொட்ட கைகளின் நினைவே முந்துகிறது. ஏல்ஸ்போர்டுக் கோவில்களின் உள்ளே சுவர் முழுதும் அவருடைய படைப்புகளே. 1986இல் இறந்த அவரது உடலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

வடக்கே லங்காஷயரில், லேலண்டு என்னும் ஊரின் தூய மரியாள் ஆலயமும் குறிப்பிடத்தக்கது. 1964இல் முடிந்த வட்டவடிவக் கோவில் அது. வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பின் காட்சியைச் சுடுமண்ணில் அமைத்தவர் கொசோவ்ஸ்கி. கோவிலை வரைந்த ஜெர்சி பாச்சின்ஸ்கியும் போலந்துக்காரரே. போரினால் நாடிழந்தவர்கள் புகுந்த நாட்டுக்குத் தந்த கொடை எத்தகையது என்பதற்கு இந்த ஒரு வாசலே போதும். புலம்பெயர்ந்தோர் மக்களாகிய நாம் இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனிப்பதில் தவறில்லை.

கோவில் பணி மட்டுமே செய்தவர் அல்லர் அவர். தென்கிழக்கு லண்டனில் பழைய கென்ட் சாலை என்று ஒன்று உண்டு. ரோமானியர் போட்ட நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. அச்சாலையோரம் வட்டார மன்றம் கட்டிய பொதுமண்டபத்தின் வெளிச்சுவரில் 1965ஆம் ஆண்டு சாலையின் வரலாற்றையே சுடுமண்ணில் எழுதினார் கொசோவ்ஸ்கி. ரோமானியப் படைவீரர் வருகிறார்கள். சாசரின் யாத்திரிகர்கள் குதிரைமேல் கேன்டர்பரிக்குப் போகிறார்கள். அஜின்கோர்ட்டுப் போரில் வென்ற ஐந்தாம் ஹென்றி 1415இல் இவ்வழியே ஊர் திரும்புகிறான். 1450இல் கிளர்ச்சி செய்த ஜாக் கேட் தன் கூட்டத்தோடு வருகிறான். 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறத் திரும்பி வருகிறான். இறுதியில் நம் காலத்து மக்கள். முத்துப் பொத்தான்களை உடையெங்கும் தைத்து அணியும் லண்டன் தெருவாணிகர்கள். மன்னனுக்கும் கலகக்காரனுக்கும் ஒரே அளவு இடம்! இதில் அழகு என்னவென்றால், இச்சித்திரம் காட்சிசாலைக்குள் இல்லை. அன்றாடம் பஸ்ஸில் போவோர் சன்னல் வழியே பார்க்கிறார்கள். பொதுமண்டபமாகக் கட்டிய அந்தக் கட்டிடம் பின்னாளில் ஒரு கிறிஸ்தவ சபையின் வழிபாட்டிடமாக மாறிவிட்டது. கோவிலுக்கென்று வாழ்நாளெல்லாம் உழைத்தவர் ஊராருக்கென்று செய்த சுவர் கடைசியில் கோவிற் சுவராகவே ஆனது.

ஆனால் எல்லாச் சுவருக்கும் அந்த நற்பேறு கிட்டவில்லை. சட்டத்தில் கட்டிடம் யாருக்கு உரியதோ, சுவரில் ஒட்டிய சித்திரமும் அவருக்கே உரியது. மக்கள் வரிப்பணத்தில் செய்தது என்றாலும், கட்டிடம் கைமாறினால் சித்திரமும் கைமாறும். சட்டமிட்ட ஓவியம் என்றால் ஆணியிலிருந்து கழற்றி எடுக்கலாம். சிமெண்டில் பதித்த ஓட்டைப் பெயர்த்தால் பாதி உடையும். பெயர்க்கும் செலவோ புதிதாகச் செய்வதைவிட அதிகம். 1970க்குப் பின் கான்கிரீட்டுக் கட்டிடங்களின்மேல் மக்களுக்கு வெறுப்பு வளர்ந்தது. சுவரின்மேல் கொண்ட வெறுப்பு சித்திரத்தின்மேலும் விழுந்தது. இடித்தவர்களில் பலருக்கு ஓவியர் இன்னார் என்பதே தெரியாது. நேர்மையாகச் சொன்னால், அழிந்தவை எல்லாம் உயர்ந்த கலை என்பதற்கில்லை. ஒப்பேற்றிய வேலையும் அவற்றில் ஏராளம். ஆயினும் நல்லது எது, மற்றது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கடப்பாரை முந்திக்கொண்டது.

டாரதி அன்னன் அம்மையாரின் கதை இதற்குச் சான்று. பிரேசில் நாட்டில் 1900இல் பிறந்தவர் இவர். லண்டன் பாரிங்டன் தெருவில் எழுந்த பிளீட் பில்டிங் என்னும் பெரிய தொலைபேசி நிலையத்துக்காக 1960இல் பொதுப்பணி அமைச்சு இவரிடம் ஒன்பது சித்திரங்கள் கேட்டது. சித்திரம் ஒன்றுக்கு 300 பவுன் கூலி. ஒவ்வொன்றிலும் 40 ஓடுகள். ஆக 360 ஓடுகள். லப்பரோவில் இருந்த ஹேதர்ன்வேர் மட்பாண்டத் தொழிற்சாலைக்கு அம்மையார் தாமே சென்று, ஈரம் காயாத ஒவ்வோர் ஓட்டின்மீதும் தம் கையாலேயே கீறி எழுதினார். முதற் சூளைக்குப்பின் அவற்றைத் தம் கலைக்கூடத்துக்குக் கொணர்ந்து வண்ணம் ஏற்றி மீண்டும் சுட்டார். தூரிகை இழுத்த தடம் இன்றும் ஓட்டில் தெரிகிறது.

பொருளோ கவிதைக்கு எளிதில் வசப்படாத பொருள். தெருவிலிருந்து நிலவறைக்குள் நுழையும் கம்பிவடங்கள், இணைப்புச் சட்டங்கள், மின்பொறிகள், நாட்டுப்புறத்தின் மேலாகச் செல்லும் தந்திக் கம்பிகள், கடலடி வடத்தைச் சுட்டும் மிதவைகள், சோதனைக் கருவியின் திரையில் நெளியும் ஒளிக்கோடுகள்! இவற்றையெல்லாம் பழுப்பும் நீலமும் கருமையுமாக, ஏதோ ஒரு பழைய நாகரிகத்தின் சின்னங்கள் போல எழுதிவிட்டார். கம்பியில்லாத கைத்தொலைபேசி பெருகிவிட்ட காலத்தில் பார்க்கையில், அவை உண்மையாகவே பழைய நாகரிகத்தின் சின்னங்களாகிவிட்டன.

அன்னன் 1983இல் காலமானார். பிரபஞ்சத்தின் விரிவைப் பொருளாகக் கொண்டு இங்கிலாந்து வங்கிக்கு அவர் செய்த மிகப் பெரிய சித்திரம் 1997இல் அழிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் செய்தவற்றில் எஞ்சியவை மிகச் சில. பிளீட் பில்டிங்கும் பயன்பாடற்றுப் போய், இடிக்கும் திட்டம் வந்தது. அப்போது கலை அன்பர்கள் விழித்துக்கொண்டு குரல் எழுப்பினார்கள். 2011 நவம்பரில் அந்த ஒன்பது சித்திரங்களும் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் சேர்க்கப்பட்டன. கட்டிடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அதில் ஒட்டியிருந்த சித்திரத்துக்கு மட்டும் உண்டு! உடலைவிட்டு உயிரை மட்டும் காப்பாற்றுவது போன்ற விசித்திரமான ஏற்பாடு. ஆனாலும் அது பயன் தந்தது. லண்டன் நகராண்மைக் கழகம் சித்திரங்களை ஏற்றுக்கொண்டது; 2013இல் அவை பார்பிகன் குடியிருப்பின் மேல்நடைபாதை ஒன்றில் நிறுவப்பட்டன. பழைய தொலைபேசி நிலையம் பின்னர் இடிக்கப்பட்டது. தெருவில் போக்குவரத்து இரைச்சலுக்கு இடையே யாரும் நின்று பாராத சித்திரங்களை இப்போது கண்ணுக்கு நேரே, கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

அதன்பின் காலம் சற்று மாறியிருக்கிறது. 2016இல் போருக்குப் பிந்திய பொதுச் சிற்பங்கள் 41ஐ ஒரே சமயத்தில் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே ஆண்டு, காணாமற்போன பொதுக்கலையைப் பற்றி லண்டனில் கண்காட்சியும் நடந்தது. சால்போர்டு நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக ஆலன் பாய்சன் 1962இல் செய்த ‘அறிவு மரம்’ என்னும் சுவர்ச் சித்திரம் 2009இலேயே பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

லண்டனுக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு சொல். இக்கலையின் கடைசிக் கொழுந்துகளைக் காண அருங்காட்சியகம் தேடிப் போக வேண்டியதில்லை. 1968 முதல் 1971 வரை படிப்படியாகத் திறந்த விக்டோரியா சுரங்க ரயில் பாதையில் பயணச்சீட்டு ஒன்று வாங்கினால் போதும். நிலையங்களில் இருக்கைகளுக்குப் பின்னே ஓட்டுச் சித்திரங்கள் இருக்கும்; அவற்றில் பல ஊர்ப்பெயரை வைத்து விளையாடியவை. பிளாக்ஹார்ஸ் ரோட்டில் கருங்குதிரை, ஸ்டாக்வெல்லில் அன்னம், செவன் சிஸ்டர்ஸில் ஏழு மரங்கள், பிரிக்ஸ்டனில், பெயரைப் பிரித்துப் பொருள் கொண்டு, ஒரு டன் செங்கல்! வாரன் தெரு நிலையத்தில் மட்டும் ஆலன் பிளெச்சர் வரைந்த சிக்கல் வழிப் படம். முயல் வளையைப் போலச் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த வழியை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க முயன்றால், பெரும்பாலும் அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.